நாய் சாவாது

பரிந்துரை என்பது பெரிய வார்த்தை.
நாங்கள் சொல்வது, 'இத்தப் படி.'
கூடவே, 'மொதோ அறுபது பக்கம் பொறுத்துக்கோ.'
அறுபதாம் பக்கத்தில் கடல் வாய் திறக்கும்.
அதுவரை வரி வசூல், குதிரை லாயம்,
பெயர் மனதில் நிற்காத ஏழு சித்தப்பாக்கள்.

எத்திராஜ் படிப்பதில்லை, கேட்கிறான்.
நாற்பதடி கண்டெய்னரை இழுத்துக்கொண்டு
துறைமுக வாசலுக்குப் பதினோரு மணி நேரம் ஊர்கிறவனுக்குப்
பதினோரு மணி நேரப் புத்தகம்தான் அளவு.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நள்ளிரவு,
முன்லாரியில் எரிகிற ஒரே பின்விளக்கு
அவனுக்கு ஒற்றைக்கண் பூதம்.
நேற்று போன் செய்தான்:
'கேட்டுல சர்வர் படுத்துக்கிச்சு.
முப்பது மணி நேரம் ஓடுற கதையா ஒண்ணு சொல்லு.
ராஜா வேணாம். டிராகன் இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்.'

சபீனாவுக்குக் காகிதம்தான் வேண்டும்,
அதிலும் முதல் பக்கத்தில் வரைபடம்.
வரைபடம் இல்லாத மாய உலகத்தை
முகவரி சொல்லாத மாப்பிள்ளையைப் போலப் பார்ப்பாள்.
ஆறு மலையிலிருந்து இறங்குகிறதா,
எழுதியவர் இஷ்டத்துக்கு ஏறுகிறதா என்று
விரலால் தடவிப் பார்த்துத்தான் காசை எடுப்பாள்.
'நம்ம பக்கிங்காம் கால்வாய் எந்தப் பக்கம் ஓடுது?' என்றேன் ஒருமுறை.
யோசித்தாள்.
'அது ஓடாது. அது சாபம்.'

நான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குப் பில் போடுகிறவன்.
ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடினால் எழுத்து,
ஓய்ந்தால் குரல்.
பனிப்பிரதேசக் கதை மட்டும் யாரும் சொல்லாதீர்கள் என்று
கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

டெல்பின் கேட்பது ஒரே கேள்வி:
'நாய் சாவுமா?'
கொருக்குப்பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கிறாள்.
தையல் மிஷினுக்கு மேல் கேட்கும்படி
கொஞ்சம் கரகரத்த தொண்டை வேண்டும் வாசிக்கிறவருக்கு.
ராஜ்ஜியங்கள் எரியட்டும், தலைகள் உருளட்டும்,
காஜா எடுப்பதை நிறுத்த மாட்டாள்.
நாய்க்கு ஏதாவது ஆனால்
அன்றைக்குத் துணி போகாது.

அவளுக்குத்தான் சொன்னேன்,
கடலடிக் கலங்கரை விளக்கக் கதையை.
மூன்று பாகம். நல்ல தொண்டை.
'நாய் சாவாது,' என்று சத்தியம் செய்தேன்.
சாகவில்லைதான்.
மூன்றாம் பாகத்தின் முடிவில்
விளக்கத்தின் கதவைத் திறந்து உள்ளே போன தம்பி
வெளியே வரவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு எப்படி மறந்தது?
கப்பல் வேலைக்குப் போன அவள் தம்பி ஃபிரடி.
ஏழு வருஷம்.
கம்பெனிக்காரன் கொடுத்த ஒற்றைத் தாளில்
எந்தக் கடல் என்று சொல்லியிருந்தார்கள்,
என்ன ஆனான் என்பது இல்லை.

இரண்டு நாள் அவளிடமிருந்து பேச்சில்லை.
மூன்றாம் நாள், கொருக்குப்பேட்டை கேட்டில்
இரண்டு கூட்ஸ் போகும்வரை நின்று,
என்ன சொல்வது என்று தெரியாமலே கடைக்குப் போனேன்.
நீல வெள்ளைக் கட்டம் ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.
தலை நிமிரவில்லை.
'அவன் திரும்பி வர்றானா?
அத மட்டும் சொல்லு.'

முடிவைச் சொல்லக் கூடாதென்பது எங்கள் ஒரே சட்டம்.
அன்றைக்கு உடைத்திருப்பேன்,
தெரிந்திருந்தால்.
'நாலாம் பாகம் இன்னும் வரல டெல்பின்.
எழுதிக்கினே இருக்காங்களாம்.'

மிஷின் நின்றது.
பல்லால் நூலைக் கடித்தாள்.
'எழுதிக்கினே இருக்காங்களா,' என்றாள்.
பிறகு ஒரு காலரைத் திருப்பிப் போட்டாள்.

இன்று இரவு எத்திராஜின் போன்.
எண்ணூரில் அசையாத வரிசை, பின்னால் யாரோ ஹாரன்.
'டெல்பின் ஒண்ணு சொல்லுச்சு.
கலங்கரை விளக்கமாம். மூணு பாகமாம்.
நல்லாருக்குமா?'

அவ என்ன சொன்னா என்று கேட்டேன்.

'மொதோ அறுபது பக்கம் பொறுத்துக்கோன்னுச்சு.
நாய் சாவாதுன்னுச்சு.'