அறுபத்திரண்டு

டான்டினாங் தெற்கில், டயர்க்கடைக்குப் பின்னால்,
சன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை:
குழந்தை இருக்கையின் பட்டைக் கொக்கியை
மூடுவது, திறப்பது, மூடுவது.
மூடுவதும் திறப்பதும் இயந்திரம்.
எண்ணுவதும் இயந்திரம்தான்.
சந்தேகப்படுவது மட்டும் நான்.

சிவப்புப் பொத்தானை அழுத்த
நாற்பது நியூட்டன் போதாது என்றிருக்க வேண்டும்,
இல்லாவிட்டால்
மூன்று வயதுப் பெருவிரல் திறந்துவிடும்.
அறுபத்திரண்டைத் தாண்டினால்
தாயின் விரல் தோற்றுவிடும்,
எந்த நேரத்தில் தோற்கும் என்பதை
நான் சொல்ல வேண்டியதில்லை.
இந்த இடைவெளிக்குள்தான் என் சம்பளம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
எங்கள் பானைக்கு எட்டு.
எட்டையும் எழுபது பாகைச் சூளையில் வேகவைத்து,
பிஸ்கட் தூள் தூவி, ஆரஞ்சுச் சாறு ஊற்றி,
காயவிட்டு, அழுத்தி, இழுத்து,
கடைசியில் உடைத்தும் பார்ப்போம்.
இங்கே தேறிய கொக்கி ஒன்றுகூட
ஒரு குழந்தையையும் கட்டியதில்லை.
வெளியே போகிறவை எல்லாம்
சோதிக்கப்படாதவை.
வேலைக்கு வந்த முதல் கிழமை
இதை லியெனிடம் சொன்னேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்தாள்:
"கல்யாணம் மாதிரி."

ஜனவரி. வடகாற்று. வெளியே நாற்பத்தொன்று.
ஆறாவது கொக்கி
அறுபத்துமூன்று புள்ளி நான்கு.
ஸ்டாவ்ரோஸ் வந்து பார்த்தார், பிடரியைச் சொறிந்தார்.
"இன்னொரு தடவை."
அறுபத்தொன்று.
"பார்த்தாயா?" என்றார்.
பார்த்தேன்.
இரண்டில் எது பொய் என்று திரை சொல்லவில்லை.
அளக்கும் கருவியையும் அளந்தோம்; அது சரியாக இருந்தது.
நாலாயிரம் கொக்கிகள், இஞ்சினை அணைக்காத லாரி,
படிவத்தின் அடியில் ஒரு வெற்றுக் கட்டம்.
சுகிர்தாவின் 'சு' போதும் அதற்கு.

எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும்.
பயத்தோடுதான் சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.
லாரி வெறுமையாகப் போனது.
இரண்டு நாள் யாரும் என்னோடு தேநீர் குடிக்கவில்லை,
லியெனைத் தவிர.

நாலாயிரத்தையும் பிரித்தோம்.
நூற்றுப் பதினேழில் சுருள்வில்
மயிரிழை கோணல். ஏன் என்பது
இன்னும் ஒரு கோப்பில் திறந்தபடி கிடக்கிறது.
மீதி சரி.
ஆமாம், மீதி சரி என்றும் நான்தான் எழுதினேன்.
கை நடுங்கியது அப்போதுதான்.

ஞாயிறு. ஸ்பிரிங்வேல் சந்தை, கார் நிறுத்துமிடம்.
ஒருத்தி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு,
கொத்தமல்லி விலையைத் திட்டியபடி,
பின்கதவுக்குள் குனிந்தாள்.
பார்க்கவே இல்லை. ஒற்றை விரல்.
டக்.
பிள்ளை அவள் இடுப்பில் ஏறி
பிசுபிசுத்த கையால் காதைப் பிடித்தது.
அவர்கள் கூட்டத்தில் மறைந்த பிறகும்
நான் காரைக் கிளப்பவில்லை.
வாய் தானாக எண்ணத் தொடங்கியிருந்தது:
ஒன்று.