முப்பது மீட்டர் கேபிள்

நாரின் ஊரிலிருந்து நாலு மணி நேரம்,
கடைசி இரண்டும் பனியில்.
நிலநடுக்கமானி நன்றாகத்தான் இருக்கிறது,
செத்தது அதன் கடிகாரம்.
எப்போது என்று தெரியாத நடுக்கம் வெறும் கிறுக்கல்,
போனில் கத்தினார் பிஷ்கேக் அதிகாரி.

கல் அறைக்குப் பின்னால் மேட்டில் ஒரு கம்பம்,
அதன் உச்சியில் புது ஆன்டெனாவை இறுக்கினேன்.
மேலே போகிற அணுக்கடிகாரங்கள்
கிளம்பிய நேரத்தை மட்டும் சொல்லி அனுப்புகின்றன.
வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு?
அதைப் பெட்டிக்குள் இருக்கும்
நகத்தளவு குவார்ட்ஸிடம்தான் கேட்கவேண்டும்.
அது பொய் சொல்லும். குளிரில் இன்னும் கொஞ்சம்.

இடம் அறிய மூன்று செயற்கைக்கோள் போதும்,
கையிலிருக்கும் கடிகாரம் யோக்கியமாக இருந்தால்.
நாலாவதைத் தேடுவது
பொய் எவ்வளவு என்று பார்க்க.
நாலு தூரத்திலும் ஒரே பொய், ஒரே அளவில்.
அதனால்தான் மாட்டிக்கொள்கிறது.

தோக்தோசுன் வண்டியிலிருந்து ஹாரன் அடிக்கிறார்.
அடிக்கட்டும்.
முதலில் காட்டும் மணி பதினெட்டு வினாடி முந்தி ஓடும்;
பூமி சோம்பிச் சுற்றிய கணக்கு
பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் மேலிருந்து இறங்கும்.
கையுறையைக் கழற்றிக் கேபிள் நீளத்தைத் தட்டினேன்.
முப்பது மீட்டர்:
நூற்றைம்பது நானோ வினாடி கழிக்க.
இருபதாயிரம் கிலோமீட்டர் வந்ததற்கு
மேட்டிலிருந்து மேசைக்கு வர இவ்வளவு நேரம்.

இனி இரவு முழுக்க
தான் நிற்கும் இடத்தையே அது
திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கும்.
இடம் உறுதியாகிவிட்டால்
மணி சொல்ல ஒரே ஒரு கோள் போதும்.
ஹாரனைக் கைவிட்டு, ரொட்டியோடு உள்ளே வந்தவர்
"நானும் இங்கேதான் நிற்கிறேன், எனக்கு ஏன் தெரியவில்லை?" என்றார்.
குறட்டையும் அவரே.

மூன்று நாற்பதுக்குக் கெட்டில் மூடி கிடுகிடுத்தது.
சின்னதுதான். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

எங்கேயோ பாறை உடைந்திருக்கிறது.
கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு,
ஆழம் எவ்வளவு, எப்போது:
தெரியாதவை நாலு.
அலை வந்த நேரத்தைச் சொல்ல
குறைந்தது நாலு நிலையங்கள் வேண்டும்.
வானத்தைப் பார்த்து இரவெல்லாம் போட்ட அதே கணக்கு,
இப்போது தரைக்குக் கீழே.

காலையில் பட்டியல் வந்தது.
பதினோரு நாளாய் எங்கள் நிலையத்தின் நேரத்துக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி இருந்தது.
இல்லை.
தோக்தோசுனை எழுப்பினேன், வண்டியைக் கிளப்பச் சொல்லி.