மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
என் வீட்டில் பேய் விருந்து.
அக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை.
தங்கச்சிமடத்து வீட்டுக்காரரிடம்
பிறந்தநாள் என்று சொல்லியிருந்தேன்.

பரங்கிக்காயைக் குடைவதற்குள் கத்தி இருமுறை வழுக்கியது.
சதையைக் கூட்டுக்கு எடுத்துவைத்துவிட்டுப்
பல் வெட்டினேன். ஒன்று உடைந்து
கிழவனாகிவிட்டான்.
உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி
சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன்,
கடலைப் பார்த்து இளிக்கும்படி.

கணவாய் மையில் கறுத்த சோறு,
மிளகு பதித்த காடைமுட்டைக் கண்கள்,
பாதாம் நகம் ஒட்டிய வெண்டைக்காய் விரல்கள்,
இடியாப்பத்தில் ஒரு மூளை.
"பாவம் பேய்கள்" என்றாள் ஹபீபா,
ருசி பார்த்துவிட்டு.

எல்லோருக்கும் ஒரே நிபந்தனை:
கால் தெரியக் கூடாது.
நம்மூர்ப் பேய்க்குக் கால் தரையில் பாவாதே.
ஹபீபா கொசுவலைக்குள் வந்தாள்.
முனீஸ்வரி மூன்று கறுப்புக் குடைகளைப் பிரித்துத் தைத்திருந்தாள்.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் டெல்வின்
கழுத்திலிருந்து தரை வரை வெள்ளை விரிப்பு;
கையில், மீன்பெட்டித் தெர்மாகோலில் வெட்டிய கல்லறைக் கற்கள்,
எங்கள் பெயர்களையே எழுதி.
மங்கையர்க்கரசியில் 'க்' விட்டுப்போயிருந்தது.
செத்த பிறகாவது என்னைப் பிழையில்லாமல் எழுதக் கூடாதா என்றேன்.

எட்டரைக்கு மின்சாரம் போனது. கைதட்டினோம்.
ஏதோ பணம் கட்டி ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது,
காற்றும், மாடியில் விழுந்த தென்னை மட்டையும்,
அதற்கடுத்துக் கதவு தட்டப்பட்டதும்.

வாசலில் ஒருவர்.
தலையிலிருந்து தண்ணீர் சொட்ட,
தோளில் கஞ்சிப்பாசி,
புருவத்தில் ரத்தக் கீறல்,
நீலம் பாரித்த உதடு.
"முதல் பரிசு!" என்று கத்தினான் டெல்வின்.
விசிலடித்தோம்.
யார் கூப்பிட்ட ஆள் என்று ஒருவரையொருவர் பார்த்தோம்.
யாரும் கூப்பிடவில்லை.

அவர் பரங்கிக்காயைப் பார்த்தார்.
"புது வீடா? திருஷ்டிக்கு வெள்ளைப் பூசணியில்ல கட்டணும்."
பிறகு,
"ஒரு போன் தருவீங்களா?"

பெயர் இன்னாசி. சின்ன வத்தை, தனி ஆள்.
கூண்டு ஏற்றுமுன் போனவர்,
ரெண்டு ராத்திரி ஆகிவிட்டது.
"ஊரே இருட்டு. இங்கன மட்டும் ஒரு மூஞ்சி எரிஞ்சுச்சு.
அதைப் பாத்துத்தான் கரையேறுனேன்."

எண்களை அழுத்தினார். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை;
நான் அழுத்திக் கொடுத்தேன்.
"அமலோற்பவம், நாந்தான்."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
"நாந்தாம்மா."
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
போனை என்னிடம் நீட்டினார்,
"உங்ககிட்டப் பேசணுமாம்."

மிக மெதுவான குரல்,
பக்கத்தில் பிள்ளைகள் தூங்குவதுபோல:
"அவரு காலு தரையில பாவுதா?
பாத்துச் சொல்லுங்க."

மெழுகுவர்த்தியைத் தாழ்த்திப் பிடித்துக் குனிந்தேன்.
விரலிடுக்கில் மணல்.
இடது பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது.
வாசலிலிருந்து சிமெண்டுத் தரையில்
ஒழுங்கில்லாமல் ஈரத் தடங்கள்.
"பாவுது" என்றேன்.
"ரெண்டுமா?"
"ரெண்டும்."
அதற்கப்புறம்தான் அழுதாள்.

நாற்காலி நனைந்துவிடுமென்று
டெல்வினின் கல்லறையைக் கீழே போட்டு,
எழுத்தைக் கவிழ்த்து,
அதன்மேல் உட்கார்ந்தார் இன்னாசி.
கறுப்புச் சோற்றைப் பிசைந்தார்.
"கணவாயைக் கழுவக்கூடத் தெரியலையே பிள்ளைகளுக்கு."
மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.
கண்களை மட்டும் இலையோரம் ஒதுக்கிவைத்தார்.

புறப்படும்போது, மிச்ச மெழுகுவர்த்தி இருக்குமா என்று கேட்டார்.
"ரெண்டாந் தேதி கல்லறைத் திருநாள். தம்பிக்கு ஏத்தணும்."
முனீஸ்வரி பெட்டியோடு கொடுத்தாள்.

டெல்வின்தான் பைக்கில் ஏற்றிப் போனான்,
வெள்ளை விரிப்பைக் கழற்ற மறந்து.
தெருமுனை திரும்பும்வரை அது பின்னால் படபடத்தது.
எனக்கு ஒரே கவலை:
கதவைத் திறக்கிறபோது அமலோற்பவம்
முதலில் அவனைப் பார்த்துவிடக் கூடாதே.