நிலுவைப் பதிவேடு

சுகிர்தா அனுப்பும் படங்களில்
கடல் ஓரமாகத்தான் இருக்கும்.
நடுவில் ஏதோ ஒரு வீட்டுச் சுவர்,
அதில் சோற்றுத் தட்டளவு நீல வட்டம்:
இன்னார் இங்கே வாழ்ந்தார்.

கப்பல் தளபதி ஒருவர்.
மூன்றே மாதம் தங்கி, இருமலோடு
ஒரு நாவலை முடித்துக்கொண்டு போன பெண்மணி.
மழை அளந்தவர் ஒருவர். எதற்கென்று தெரியவில்லை,
அங்கே தினமும் பெய்கிறதாம்.

'மூணு மாசத்துக்கே தட்டு மாட்டிட்டாங்க,
நான் வந்து நாலு வருஷம்'
என்று எழுதி, சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாள்.
பதில் போடவில்லை.
சைதாப்பேட்டையில் வீட்டுவரிக்குக்
கதவு தட்டிக்கொண்டிருந்தேன்.
நூற்றெட்டு டிகிரி.
யார் எங்கே வாழ்ந்தார் என்பது எனக்கும் தெரியும்.
எங்கள் ஏட்டில் கட்டாதவர் பெயர்தான் நிற்கும்.

அவள் குளிப்பாட்டிவிடும் வினிஃப்ரெடுக்குத் தொண்ணூற்றொன்று.
பிறந்தது இங்கே, ஆபீசர்ஸ் லைனில்.
அப்பா பாலம் கட்டுகிற இன்ஜினீயர்.
காலை எது மாலை எது என்று தெரியாது,
ஆனால் ஒன்றை விடாமல் கேட்பாளாம்:
பாலாற்றில் தண்ணீர் போகிறதா?

போகிறது என்பாளாம் சுகிர்தா,
முதுகைத் துவட்டிக்கொண்டே, தினமும்.

மணல் லாரி போகும்.
வேறொன்றும் போகாது.

அந்தக் கார்த்திகையில் கரை கொள்ளாமல் வந்தது.
பாலத்தில் ஊரே நின்றது.
நனைந்தபடி செல்போனை நீட்டி
நாற்பது விநாடி பிடித்தேன்:
செந்நீர், வேரோடு ஒரு தென்னை,
அதன்மேல் சவாரி போகும் காக்கை.
'பொய்யில்லைன்னு காட்டு' என்று அனுப்பினேன்.

நீல டிக் விழ இரண்டு நாள்.
முந்தின வியாழனே போய்விட்டாளாம் கிழவி.
அந்த வீட்டுக்கு வட்டம் கிடையாது.
அவள் எதையும் எழுதவில்லை,
எதையும் அளக்கவில்லை.

பழைய ஏடுகளில் அந்த மனையைத் தேடிப் பிடித்தேன்.
இப்போது பல் மருத்துவமனை,
மாடியில் டியூஷன் சென்டர்,
மூன்று அரையாண்டு பாக்கி.
நோட்டீஸ் ஒட்டப் போனேன்.
பசை காய்வதற்குள்
ஓரத்தில் நீல மையால்
சின்னதாக ஒரு வட்டம் போட்டேன்.
உள்ளே எழுத இடம் போதவில்லை.

'அது என்ன சார், அபராதமா?'
என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

ஆமாம் என்றேன்.