ஐஸைக் கழித்து

தடைக்காலம். தங்கச்சிமடத்துப் படகெல்லாம் கரையில்.
ரெக்ஸனின் நண்டு கம்பெனியில்
மூவருக்கு ஒரு போன்:
தேவதாரு ஃபர்னிச்சர், பங்கு பதினொன்று நாற்பது.
போன வருஷம் எண்பத்தாறு.

"இதுக்கு மேல எங்க இறங்கும்?" என்றான் ரெக்ஸன்.
ஐம்பதிலும் இதையேதான் கேட்டான்.

சகாயராணி ஏலக்காரி.
பெட்டியோடு நிறுத்தால் எந்த மீனும் கூடத்தான் தெரியும்;
ஐஸைக் கழி, தண்ணீரைக் கழி.
ஆண்டறிக்கையில்
நற்பெயர் என்று நூற்றிருபது கோடி. கழித்தாள்.
விற்காத சோபாக்களில் பாதியைக் கழித்தாள்.
மிச்சம்
கடனுக்கே பற்றும் பற்றாமல்.

ராமநாதபுரம் கிளைக்குப் பஸ் ஏறினோம்.
மாடியில் விளக்கை அணைத்திருந்தார்கள்.
கீழே ஒரே ஒரு பையன்,
ரெண்டு மாசச் சம்பளம் பாக்கியாம்,
உட்காரச் சொல்லுமுன்
தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தான்.

திரும்பும் வழியில்
பாம்பன் பாலம் ஏறுவதற்குள்
ராணி இருநூறு பங்கு வாங்கியிருந்தாள்.
"கணக்கு?" என்றேன்.
"அந்தக் கைக்குட்டையை எதுலயும் எழுதலையே" என்றாள்.
ரெக்ஸன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் ஒன்பது ரூபாய்க்குக் கேட்டு வைத்திருக்கிறேன்.
இன்னும் கிடைக்கவில்லை.
என் விலைக்கு அது இறங்கிவர
அவனுக்கு
இன்னொரு மாசம் பாக்கி விழவேண்டும்.