இரண்டு பிணையாளர்கள்

படிப்புக் கட்டணம் இல்லை. விமானச்சீட்டும் அவர்களுடையது.
நாலு வருசம், மாதாமாதம் செலவுக்குக் காசு.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி மருந்தறையில்
ஸ்பிரிட் மணக்கும் கையோடு
மூன்று தரம் வாசித்தேன்.

நேர்முகத்தன்று அங்கே காலை பத்து,
இங்கே விடிய நாலரை, இரவுக் கடமை.
ஏன் கால் புண்ணை ஆராய வேண்டும் என்றார்கள்.
பதினோராம் கட்டிலைச் சொன்னேன்:
சீனி வருத்தம், வரம்பில் குத்திய முள் தெரியவேயில்லை,
எடுத்த பெருவிரல்
இன்னும் கடிக்குது, சொறிந்துவிடு என்கிறார்.
என் ஆங்கிலம் இடறியது.
அவர்கள் குனிந்து எழுதினார்கள்.

எல்லாம் இலவசம்தான்.
திணைக்களம் மட்டும் கேட்கிறது,
நான் திரும்பாவிட்டால் பணம் கட்ட
இரண்டு அரச ஊழியர்.

அத்தான் "பாப்பம்" என்று தேத்தண்ணியை முடித்தார்.
றிஸ்மியா மிஸ்ஸி
ட்ரொலியில் வைத்தே ஒப்பமிட்டாள், வாசிக்காமல்.
வீட்டுக் கடன் அவளுக்கு இன்னும் பதினாலு வருசம்.

இரண்டாவது கோடு வெறுமையாய்க் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"நீ போனா ஆர் பிள்ள எனக்குக் கட்டு மாத்துற?"

உப்புநீரை ஊற்றி
ஒட்டிய துணியை
ஊறவிட்டேன்.