சோதனைக் காசு

நார்த்தம் ரோடு கிளப்பில் எனக்குப் பின்வாசல்.
உறுப்பினர்கள் தூங்கும் காலையில்
ஒற்றைக்கையனின் முதுகைத் திறப்பேன்.

மூன்று சக்கரம், சக்கரத்துக்கு இருபது படம்.
செர்ரி, பிளம். தின்றதில்லை நான்.
சூதுக்குத் தடை வந்தபோது
காசுக்குப் பதில் சூயிங்கம் துப்பிப்
பிழைத்ததாம் இதன் பாட்டன்;
அந்தச் சுவைகளே இந்தப் பழங்கள்
என்பார் கிராணி சவரிராயன்.
மணி அதற்கும் மூத்ததாம்,
சான்பிரான்சிஸ்கோவின் பழைய பெட்டியிலேயே
இருந்ததாம்.

எலுமிச்சை விழுந்தால் ஒன்றுமில்லை.
புது லாரியின் சக்கரத்தடியில்
நசுங்க வைப்போமே, அதே எலுமிச்சை.

கடைசிச் சக்கரத்தில் மணி ஒன்றுதான்.
பல்சக்கரம் துடைத்து எண்ணியவன் நான்,
ஆடமாட்டேன்.

இன்று எண்ணெய் விட்டுச்
சோதிக்க ஒரு பத்துக்காசு,
என் சட்டைப்பையிலிருந்து.
இழுத்தேன்.
மணி. மணி.

மணி.

தட்டு நிரம்பித் தரையெல்லாம் உருண்டது.
சத்தம் கேட்டுக் கிராணி வந்தார்,
நோட்டோடு.
எண்ணி எண்ணி உள்ளே போட்டோம்.
ஒன்று குறைகிறது என்றார்.
மேசைக்கடியில் இருவரும்
முழங்காலிட்டுத் தேடினோம்
வெகுநேரம்.

பர்மா ரோடு வரை
நொண்டிக்கொண்டே வந்தேன்,
இடது செருப்பைக் கழற்றாமல்.